ஊர் என்னும் ஆகுபெயர்
ஜார்ஜ்டவுன் மரபுகாப்பு இயக்கம் தரும் பாடம்



‘ஊர்’ என்பது சிறிய சொல். ஆயினும் இருபொருள் தாங்கி நிற்பது. ‘ஊருக்குச் சென்றான்’ என்றால் அது இடத்தைக் குறிக்கும். ‘ஊர் திரண்டது’ என்றால் அவ்விடத்து வாழும் மக்களைக் குறிக்கும். திரண்டது மண்ணும் சுவரும் அல்ல என்பதைக் கேட்போர் எவரும் விளக்கமின்றி அறிவர். இடத்தின் பெயர் அவ்விடத்து மக்களுக்கு ஆகிவருவதால் இலக்கணம் இதனை இடவாகுபெயர் என்கிறது. தமிழர் பேச்சில் ஊர் சிரிக்கும், ஊர் பழிக்கும், ஊர் கூடித் தேர் இழுக்கும். இடத்தையும் மக்களையும் பிரித்துப் பார்க்க அச்சொல் இடந்தருவதில்லை.

இலக்கணம் ஒரே சொல்லில் இணைத்து வைத்த இவ்விரண்டையும் வாழ்க்கை பிரித்துவிடுமானால் என்ன நேரும்? இடம் எஞ்சி, மக்கள் நீங்கிவிட்டால் ‘ஊர் திரண்டது’ என்று சொல்ல எவர் இருப்பர்? பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ்டவுனில் இவ்வினா ஏட்டளவில் நில்லாது, தெருவளவில் எழுந்தது. அவ்வூரைக் காக்க முனைந்த குடிமக்கள் அமைப்பு ஒன்றின் வெற்றியும் அவ்வெற்றிக்குள் மறைந்து கிடக்கும் துயரமும் இவ்வுரையின் பொருளாகும்.

நகரின் தோற்றம்

மலாக்கா நீரிணையின் வடவாயிலில் அமைந்த பினாங்குத் தீவு, கடாரம் எனத் தமிழர் அறிந்த கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தை உரையாசிரியர் கடாரம் என்றே கொள்வர். எனவே அக்கடற்கரை தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்பார் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் அத்தீவைக் கைக்கொண்டார். சுங்கம் இல்லாத துறைமுகம் என்னும் அறிவிப்பு, வணிகரை நாற்றிசையினின்றும் ஈர்த்தது. சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்களும் பிற தமிழ் முசுலிம் வணிகர்களும், படகோட்டிகளும், பின்னர் நகரத்தாரும் வந்தனர். ஹொக்கியன் சீனர், ஆச்சே நாட்டினர், அராபியர், ஆர்மீனியர், சயாமியர், பர்மியர் எனப் பலரும் குடியேறினர்.

பழைய பிட் தெருவில் இன்று நடந்து செல்வோர் சில நூறு அடித் தொலைவுக்குள் பல சமயத்தாரின் வழிபாட்டிடங்களைக் காண்பர். 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் கருணைத் தேவி கோயில், அரசி தெருவில் 1833இல் அமைந்த மகாமாரியம்மன் கோயில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சற்று அப்பால் 1808இன் ஆச்சே தெருப் பள்ளிவாசல் என்று அவை அடுத்தடுத்து நிற்கின்றன. கப்பித்தான் கெலிங் என்பார் தமிழ் முசுலிம் சமூகத்தின் தலைவராக அமர்த்தப்பெற்ற காதர் முகைதீன் ஆவார். அருகிலுள்ள சூலியா தெருவின் பெயர் சோழநாட்டுத் தொடர்பைச் சுட்டுவதாகக் கருதப்படுகிறது. நாகூர் ஆண்டவரின் நினைவிடம் ஒன்றும் அத்தெருவில் உண்டு.

தமிழ் எழுத்துக்கும் அந்நகர் இடம் தந்தது. பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவருள் ஒருவராக விளங்கிய நாகூர் குலாம் காதிறு நாவலர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் தங்கி ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை நடத்தினார். ஆகவே ஜார்ஜ்டவுனின் விதி தமிழ்க் கவிஞர்க்கு அயலார் வீட்டுச் செய்தி அன்று.

அந்நகரின் உயிர்நிலை கடைவீடு. கீழே கடை, மேலே குடி. முன்புறம் வெயிலும் மழையும் தாக்காதவாறு வழிப்போக்கர் நடக்க ஐந்தடி நடைபாதை. நடுவே காற்றும் ஒளியும் இறங்க வானம் பார்த்த முற்றம். தந்தை கீழே வணிகம் செய்ய, பாட்டி மேலிருந்து தெருவை நோக்குவாள். தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இயங்கியமையால் இரவிலும் அத்தெருக்கள் விழித்திருந்தன.

தேய்வும் இடிப்பும்

1969இல் பினாங்கு தன் சுங்கமில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. அதனோடு பழைய நகரின் மொத்த வணிகம் தளர்ந்தது. 1970களில் தீவின் தென்பகுதியாகிய பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகள் எழுந்தன. இளைஞர் அப்பக்கம் திரும்பினர். பழைய நகருக்குப் புத்துயிர் ஊட்டுவதாகக் கூறி 1974இல் கொம்தார் என்னும் வானளாவிய கட்டடத்தின் பணி தொடங்கப்பெற்றது. அறுபத்தைந்து மாடியாக அது உயர்வதற்கு, அங்கிருந்த பழைய தெருக்களும் கடைவீடுகளும் இடம்விட வேண்டியதாயிற்று. நகரை வாழ்விக்க நகரின் ஒரு பகுதியை அழிப்பது என்னும் முரண் அன்றே தோன்றிவிட்டது.

இச்சூழலில் 1986இல் தோன்றியது பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை. பெயரில் அறக்கட்டளை எனினும் இயல்பில் அது உறுப்பினர் சங்கம். ஆட்சி அதிகாரம் அதனிடம் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. கட்டடக் கலைஞர், ஆசிரியர், வரலாற்றார்வலர், பழைய குடும்பத்தினர் எனப் பல இனத்தாரும் பல தொழிலாரும் அதில் இணைந்தனர். அவர்கள் கைக்கொண்ட கருவிகள் எளியவை. தெருத்தெருவாக நடந்து பார்த்தனர். கட்டடங்களை வரிசைப்படுத்தி எழுதினர். நகராட்சிக்கு மடல் விடுத்தனர். இடிப்புக்கு எதிராகக் குரலெழுப்பினர். பொதுமக்களை அழைத்துச் சென்று அவரவர் ஊரை அவரவர்க்கே காட்டினர்.

தோல்விகள் பல. 1993ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், முன்பு மெட்ரோபோல் விடுதியாக இருந்த கடற்கரைச் சாலை மாளிகை இடித்து வீழ்த்தப்பட்டது. அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் விடுமுறை நாளில் அது நிகழ்ந்தது. ஒரு கட்டடத்தை எழுப்ப ஆண்டுகள் பல வேண்டும்; வீழ்த்த ஒரு விடுமுறை நாள் போதும். நகரில் எழுந்த சினம் மரபுகாப்போர் பேச்சுக்குச் செவி கொடுப்போரைப் பெருக்கியது.

நீல மாளிகை

இழப்புக்கு எதிராகப் பேசுவது ஒரு பணி. மீட்டுக் காட்டுவது மற்றொரு பணி. இரண்டாவதற்குச் சான்றாக அமைந்தது சியோங் ஃபாட் சே மாளிகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இம்மாளிகையில் முப்பத்தெட்டு அறைகளும் ஐந்து முற்றங்களும் உண்டு. உரிமையாளரின் இறுதி மகன் மறையும்வரை அதனை விற்கலாகாது என்பது அவர் எழுதிவைத்த விருப்பம். அம்மகன் 1989இல் மறைந்தபின், இடிபாட்டு நிலையில் இருந்த மாளிகையைக் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர்தம் நண்பர்களும் வாங்கி மீட்டமைத்தனர். 2000ஆம் ஆண்டில் ஆசிய பசிபிக் மரபுகாப்புக்கான யுனெஸ்கோ விருது அதற்குக் கிட்டியது.

அம்மீட்பு உணர்த்திய தொழில்நுட்பப் பாடம் குறிப்பிடத்தக்கது. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. நிலத்து ஈரத்தை அவை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் வெளிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தர் கூறுவது உண்மையே. அதன்மேல் சிமெண்டு பூசினால் அம்மூச்சு அடைபடும்; ஈரமும் உப்பும் உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கும். நன்மை கருதிச் செய்யும் பூச்சே சுவரைக் கொல்லும். மாளிகையின் நீலமோ அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பிற் கலந்து தீற்றியது. இச்செய்ம்முறைகளை அறிந்த கைகள் இல்லையேல் மாளிகையும் இல்லை. கட்டடத்தைக் காப்பவர் கைத்தொழிலையும் காக்க வேண்டியவராகின்றார்.

நிழல் தந்த சட்டம்

இங்கே கதை திரும்புகிறது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் அத்தனை காலம் இடிபடாமல் நின்றதற்குக் காரணம் மரபுப் பற்று மட்டும் அன்று. அதற்கு ஒரு சட்டமும் காரணம்.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை உயராது நிறுத்தியது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறும் செய்தது. போருக்குப் பின்வந்த வீட்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு நிழல் தரப் பிறந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. அதன் விளைவு இருமுகமானது. மிகக் குறைந்த வாடகை பெற்ற உரிமையாளர் பழுது பார்க்க மனங்கொள்ளவில்லை. கூரை ஒழுகியது, மரம் உளுத்தது. அவர் மனக்குறையும் பொய்யன்று. ஆனால் அதே சட்டத்தால் பாயும் கூடையும் முடைவோர், ஊதுவத்தி திரிப்போர், சொங்கோக் தொப்பி தைப்போர், மாலை கட்டுவோர், பெயர்ப்பலகை செதுக்குவோர் நகரின் நடுவிடத்தில் நிலைத்து வாழ முடிந்தது. வீடு தேய்ந்தது, குடி நிலைத்தது.

அச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் நிறைவேறியது. இடைக்கால ஏற்பாடு 1999ஆம் ஆண்டின் இறுதி நாளோடு முடிந்தது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் உலகம் புதிய ஆயிரமாண்டைக் கொண்டாடியபோது, பழைய ஜார்ஜ்டவுனின் குடியிருப்போர்க்கு அந்நாள் வேறு பொருள் தந்தது. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே வாயிலில் நின்ற குடும்பங்கள் வெளியேறின. குடியிருப்போர் தம்மைக் காத்துக்கொள்ளத் திரண்டனர். படிப்படியான மாற்றம் வேண்டுமென்ற குரல் எழுந்தது. எனினும் வெளியேற்றம் நிற்கவில்லை.

உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் நிலையிலுள்ள நூறு இடங்களுக்கென வெளியிட்ட 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியும் சேர்ந்தது. கேடு உலகறிந்த செய்தியாயிற்று.

காலியான வீடுகள் சிலவற்றில் புதுவகைக் குடிகள் வந்தன. உழவாரக் குருவியின் கூடு சீனர் உணவில் பெருவிலை பெறுவது. ஆளில்லாக் கடைவீட்டின் சன்னல்களை அடைத்து, உள்ளே ஈரம் தெளித்து, பதிவு செய்த குருவியோசையை ஒலிபெருக்கியில் விடாது ஒலிக்கச் செய்தால் காட்டுக் குகையென்று எண்ணிக் குருவிகள் வந்து கூடு கட்டும். வாடகைக்கு விடுவதைவிட இதில் வருவாய் மிகுதி என உரிமையாளர் பலர் கண்டனர். ஈரமும் எச்சமும் பழஞ்சுவரையும் மரத்தையும் கெடுத்தன. அண்டை வீட்டார் உறக்கம் இழந்தனர். மரபுகாப்போர் இதனை எதிர்த்துப் போராடினர். மரபுடைமைப் பகுதியிலிருந்து குருவி வீடுகளை 2013ஆம் ஆண்டிறுதிக்குள் அகற்ற வேண்டுமென அரசு கெடு விதித்தது. பாட்டியின் குரல் கேட்ட மாடியில் ஒலிநாடாவின் குருவிக் குரல் கேட்ட அந்த ஆண்டுகளை ஒரு கவிஞர் எழுதினால் நகரின் வரலாறு முழுவதும் அதில் அடங்கும்.

உலகம் அளித்த பட்டம்

இடையறா முயற்சியின் பயனாக 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அரசுகள் அளித்த விண்ணப்பமே எனினும், அதற்குரிய மண்ணைப் பண்படுத்தியது இருபதாண்டுக் குடிமக்கள் பணி. ஜார்ஜ்டவுனில் ஏறத்தாழ 109 எக்டேர் நடுப்பகுதியும் அதனைச் சூழ 150 எக்டேர் காப்புப் பகுதியும் வரையறுக்கப்பட்டன. பதினெட்டு மீட்டருக்கு மேல் கட்டடம் உயரலாகாது என்னும் வரம்பு நடைமுறைக்கு வந்தது. 2011இல் மாநில மரபுடைமைச் சட்டமும் 2016இல் சிறப்புப் பகுதித் திட்டமும் வந்தன. 1986இல் கையில் மடலோடு நகராட்சி வாயிலில் நின்றவர்களுக்கு இவை கனவிலும் எட்டாதவை.

அப்பட்டம் வழங்கப்பட்ட காரணங்களுள் ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. அழகிய கட்டடங்களுக்காக மட்டும் அது வழங்கப்படவில்லை; ஆசியாவின் பல்லினப் பண்பாடு ‘உயிருடன் வாழும்’ சான்று என்பதற்காகவும் வழங்கப்பட்டது. தமிழிலக்கணத்தின் மொழியிற் சொன்னால், உலகம் பட்டியலில் ஏற்றியது இடப்பெயரையன்று, இடவாகுபெயரையே.

ஆனால் பட்டத்தின் பின்விளைவு அப்பொருளுக்கு மாறாயிற்று. புகழ் வந்தது, புகழோடு பயணிகள் வந்தனர், பயணிகளோடு முதலீடு வந்தது. கடைவீட்டின் விலை ஏறியது. 2012இல் ஆர்மீனியன் தெரு முதலிய இடங்களில் தீட்டப்பெற்ற சுவரோவியங்கள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளின் ஓவியத்தருகே நின்று படமெடுத்துக்கொள்ள மக்கள் வரிசையில் நிற்கின்றனர். அத்தெருவில் மெய்யாகவே மிதிவண்டி ஓட்டும் குழந்தைகளோ அருகி வருகின்றனர். பழைய வீடுகள் சிறு விடுதிகளாகவும் குளம்பிக் கடைகளாகவும் மாறின. 2009ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மரபுடைமைப் பகுதியில் குடியிருந்தோர் பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர். 2013இல் ஒன்பதினாயிரத்து நானூறு அளவினர். நான்காண்டில் நேர்ந்த குறைவு இது. சுவர்கள் வலுப்பெற்ற அதே காலத்தில் குடிகள் குறைந்தன.

இதனை மரபுகாப்போரின் பிழையெனக் கூறுவது அறமாகாது. வாடகைச் சட்டம் நீங்கியதன் கேட்டை அவர்கள் அறிந்தே இருந்தனர். கட்டடத்தைக் காக்க அவர்களுக்குக் கிடைத்த கருவிகள் பல: சட்டம் கிடைத்தது, வரைபடம் கிடைத்தது, உயர வரம்பு கிடைத்தது, உலகப் பட்டம் கிடைத்தது. குடியைக் காக்கும் கருவியோ ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்த ஒன்றும் 1999 இறுதியோடு போயிற்று. ஒரு தூணின் உயரத்தை அளக்கக் கோல் உண்டு. ஒரு கிழவி தன் தெருவில் வாழும் உரிமையை அளக்க எந்தக் கோல் உண்டு?

குடியை நோக்கித் திரும்புதல்

அறக்கட்டளையின் பெருமை, பட்டத்தோடு ஓய்ந்துவிடாமையில் உள்ளது. பட்டம் வருவதற்கு முன்பே, 2005 முதல், கைத்தொழிலாளரையும் கலைஞரையும் ‘வாழும் மரபுச் செல்வங்கள்’ எனப் பாராட்டிப் பொருளுதவி வழங்கும் முறையை அது தொடங்கியது. கட்டடத்துக்கு மட்டும் பெயர்ப்பலகை வைத்த காலம் போய், மனிதரின் பெயரும் மதிக்கப்பெற்றது. முதிய கைவினைஞரிடம் இளையோர் தொழில் பயிலும் திட்டமும் பின்னர் வந்தது. விருது வாடகையைச் செலுத்திவிடாது என்பது உண்மையே. ஆயினும் எதைக் காக்கிறோம் என்பதில் ஏற்பட்ட தெளிவு சிறியதன்று.

எழுத்துப் பணியும் தொடர்ந்தது. அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றிய கூ சல்மா நசுத்தியோன், 1786 முதல் 1957 வரை பினாங்கில் வாழ்ந்த சூலியர் சமூகத்தையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சூழ்ந்த வாழ்வையும் ஆராய்ந்து 2014இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். தமிழகக் கரையிலிருந்து சென்ற மக்களின் வரலாற்றைத் தமிழரல்லாத ஒருவர் இத்துணை உழைப்போடு எழுதியமை, ஊர்ப்பற்று இனத்தின் எல்லையைக் கடக்கும் என்பதற்குச் சான்று. அதே வேளையில், அப்பணி தமிழில் ஏன் முதலில் எழவில்லை என்னும் வினாவையும் அந்நூல் அமைதியாக முன்வைக்கிறது.

குடியைக் காக்கும் வழி அந்நகரின் பழைய அமைப்பிலேயே ஒருவாறு இருந்தது என்பதும் நோக்கத்தக்கது. ஜார்ஜ்டவுனின் வீடுகள் பலவும் தனியார் உடைமை அல்ல. சீனக் குலச் சங்கங்கள், பள்ளிவாசல் வக்புகள், கோயில் அறநிலையங்கள் ஆகியவற்றின் உடைமைகள் அவற்றுள் பல. இவை இலாபத்துக்காகப் பிறந்தவை அல்ல. தம்மவர் வாழவும் வழிபடவும் முன்னோர் விட்டுச் சென்றவை. அறநிலையம் தன் பெயரிலுள்ள அறத்தை நினைவிற்கொண்டு, பெருவாடகை தருவோனை விடுத்துத் தெருவோடு ஒன்றிய குடிக்கு இடந்தருமாயின், எந்தப் புதுச் சட்டமும் இன்றியே ஒரு தெரு உயிர்பிழைக்கும். மாறாக அறநிலையமும் சந்தை வழியே சென்றால் அரசைக் குறைகூறிப் பயனில்லை.

இழப்பின் எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்குத் துறைமுகத்துக் குலத்துறைகள் சான்று. கடல்மேல் கால் நட்டு மரவீடுகள் கட்டி, ஒரு துறைக்கு ஒரு குலமாகச் சீனர் வாழும் அவ்வரிசையில், கோய் துறையும் பெங் அவுன் துறையும் 2006இல் வீட்டுத் திட்டத்துக்காக அகற்றப்பட்டன. இரண்டே ஆண்டில் உலகப் பட்டம் வந்தது. எஞ்சிய துறைகள் காப்புப் பெற்றன. மறைந்த இரண்டும் வரைபடத்தில் வெற்று நீராயின.

தேரும் தெருவும்

தைப்பூசத்துக்கு முதல்நாள் விடியலில் பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் புறப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அத்தேர், காளைகள் இழுக்க, அருவிச் சாலைக் கோயில் நோக்கி நாள் முழுதும் ஊர்ந்து செல்லும். வழியெங்கும் தேங்காய்கள் மலையாகக் குவிந்திருக்கும். தமிழரோடு சீனரும் அவற்றை உடைப்பர். உடைக்கும் ஓசை மழைபோல் எழும். சிரட்டையும் நீருமாகத் தெரு நனையும்.

அத்தேரின் வெள்ளியை ஓர் அருங்காட்சியகம் காக்கவியலும். தேங்காய் உடைக்கும் சீன மூதாட்டியை எந்த அருங்காட்சியகமும் காக்கவியலாது. அவள் அத்தெருவில் வாழ்ந்தால்தான் அந்த விடியலில் வாயிலில் நிற்பாள். அவள் தொலைவிலுள்ள அடுக்குமாடிக்குச் சென்றுவிட்டால் தேர் வரும், தெரு இருக்கும், வேடிக்கை பார்ப்போரும் இருப்பர். ஊர் இராது.

கவிஞர்க்குரிய பணி

குடிமக்கள் சங்கங்களின் பணியில் கவிஞர்க்கு என்ன பங்கு என்று வினவலாம். ஜார்ஜ்டவுனின் ஒரு தெருவுக்கு அரசு வைத்த பெயர் ஒன்று. ஹொக்கியன் மக்கள் வழங்கிய பெயர் ஒன்று. மலாய்ப் பெயர் ஒன்று. தமிழ்ப் பெயர் ஒன்று. அரசர் தெரு என ஆங்கிலேயர் பெயரிட்டதைத் தமிழர் படகுக்காரத் தெரு என வழங்கினர். அரசரை எவரும் அங்குக் கண்டதில்லை. படகுக்காரரை நாள்தோறும் கண்டனர். மக்கள் இட்ட பெயரில் மக்களே இருக்கின்றனர். அப்பெயரை நாவில் வைத்திருக்கும் கடைசி முதியவர் மறையும்போது, எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு கட்டடம் சரிகிறது. அதன் சரிவுக்கு ஓசையில்லை. அவ்வோசையின்மையைக் கேட்கும் செவி கவிஞருடையது.

சுவரைக் காக்கக் கொத்தர் வேண்டும். உரிமையைக் காக்கச் சட்டம் வேண்டும். பெயரையும் பேச்சையும் நினைவையும் காக்கச் சொல்லறிந்தோர் வேண்டும். பழந்தமிழ்ப் புலவர் ஊர்களைப் பாடியபோது மாடத்தின் உயரத்தை மட்டும் பாடினாரல்லர். அம்மாடத்தில் நின்றாரையும், அங்காடியில் விற்றாரையும், துறையில் ஆடினாரையும் பாடினர். காவிரிப்பூம்பட்டினத்தின் மாடங்களைக் கடல் கொண்டது. அம்மக்கள் இன்றும் பாட்டில் நடமாடுகின்றனர்.

பத்தாண்டுகளாக ஊதியமின்றிக் கூடி, நாற்காலி தூக்கி, அழைப்பிதழ் எழுதி, சிலரே வந்த மாலைகளிலும் விளக்கேற்றி நடத்தப்படும் ஓர் இலக்கிய வட்டம், பினாங்கின் அந்தச் சிறு சங்கத்தை எளிதில் புரிந்துகொள்ளும். இரண்டும் ஒரே வகைச் செயல்: எவரும் பணிக்காத ஒன்றை, இழக்கலாகாது என்னும் ஒரே காரணத்தால் மேற்கொள்வது. அச்சங்கம் அரிதின் முயன்று கற்ற பாடமும் இரண்டுக்கும் பொதுவானது. நூல்கள் நூலகத்தில் பத்திரமாக இருந்து, படிப்போர் இல்லையெனில் அது மொழிக்காப்பு அன்று. கட்டடங்கள் வண்ணம் பூசி நின்று, வாழ்வோர் இல்லையெனில் அது ஊர்க்காப்பு அன்று.

ஜார்ஜ்டவுனின் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. மகாமாரியம்மன் கோயில் அருகே மாலை கட்டும் கைகள் உள்ளன. ஐந்தடி நடைபாதையில் சிறு வணிகம் உள்ளது. விடியற்காலையில் பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே தெருவில் கேட்கின்றன. இவை நிலைக்குமாயின் ‘ஊர் திரண்டது’ என்னும் தொடர் அங்கே பொருளோடு நிற்கும். இவை நீங்குமாயின் ஊர் என்பது ஆகிவருதற்கு ஆளின்றி, வெறும் இடப்பெயராய்ச் சுவரில் எஞ்சும். எங்கெல்லாம் பழைய தெருக்கள் உள்ளனவோ அங்கெல்லாம், ஊரைக் காக்கப் புறப்படுவோர் முதலில் கதவைத் தட்டி உள்ளே குடியிருப்பவர் யாரெனக் கேட்டறிதல் வேண்டும். கூரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னர் வரலாம்.